சிக்னல் கிடைக்கிற இடமெல்லாம் நாற்றம்

எங்கள் தோட்டத்தில் செல்போனுக்கு நெட் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணையின் சுவரோரம். பிராய்லர் பண்ணையின் நாற்றத்தை, அதன் பக்கத்தில் போய் நிற்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எச்சமும் தேங்காய்நார்த் தூளும் நனைந்து புளித்த நாற்றம் மூக்கோடு நிற்காது, தொண்டைக்குள் இறங்கும். எச்சில் விழுங்கினால் அதையே விழுங்கியது போல இருக்கும். ஈக்களை விரட்டினாலும் போகாது. தின்று கொழுத்து, பறக்கவே சோம்பல்படுகிற ஈக்கள்.

அந்தச் சுவரோரம் ஒரு பலகைக் கல்லில் உட்கார்ந்துதான் நான் தினமும் மத்தியானச் சோறு உண்டேன். ஒரு கையில் போன், மடியில் தட்டு. மூக்கைப் பொத்த இன்னொரு கை இல்லை. இருந்தாலும் பொத்தியிருக்க முடியாது. முகத்தை மூடினால் தங்கச்சி சோறு உண்ண மாட்டாள்.

தங்கச்சி கோயமுத்தூரில் உக்கடம் பக்கம் தன் மகன் வீட்டில் இருக்கிறாள். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அறிவு அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கூடியும் இருக்கலாம், வாய் போனவர்களுக்குக் கண்ணும் காதும் கூர்மையாகிவிடும் போலிருக்கிறது. சும்மா போன் செய்தால் அவளிடமிருந்து "ஆ" என்ற ஒரு சத்தம்தான் வரும். அது அழுகையா, சிரிப்பா, கோபமா என்று யாரால் சொல்ல முடியும்? படம் தெரிந்தால்தான் எங்களுக்குள் பேச்சு. புருவத்தைத் தூக்கினால் என்ன குழம்பு என்று கேட்கிறாள். இடது கையை விசிறினால் மருமகளைப் பற்றி ஏதோ குறை.

அவளுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டபின் சோறு உண்ணாவிட்டால் மயக்கம் வந்துவிடும். ஆனால் மருமகள் ஊட்டிவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். வாயோரம் வழிவதை இன்னொருத்தி துடைத்துவிடுவது அவளுக்குக் கூச்சம். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு இந்தக் கூச்சம் ஒரு சீக்கு. நானும் எதிரே தட்டோடு உட்கார்ந்து உண்டால் மட்டும், அக்காவோடு சேர்ந்து உண்கிறோம் என்று வாயைத் திறப்பாள்.

"ஏனுங் பெரியத்தை, உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் சோறு எறங்குமாமா. நானென்ன வெசத்தையா ஊட்டறேன்?" என்று மருமகள் ஒருநாள் கேட்டாள்.

"உன்னயச் சொல்லல கண்ணு. அவ சின்னதுலயே அப்படித்தான்."

"சின்னதுல அப்படியிருந்தாச் சேரிங். இப்ப எனக்கு ஆபீஸு வேலைங்களே."

அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். மத்தியானம் கொஞ்ச நேரம்தான் ஒழியும். அந்த நேரத்தில் என் முகம் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அன்றைக்குத் தங்கச்சி பட்டினி. இதுதான் என் கவலை, வேறு கவலை எனக்கு இல்லை.

எங்கள் வீட்டுக்குள் நெட் செத்துப் பல நாளாயிற்று. வெயில் தாங்கவில்லை என்று என் மகன் மாடி முழுவதும் தகர சீட்டுப் போட்டான். அதன்பின் சூடு குறைந்ததோ இல்லையோ, போன் ஊமையாயிற்று. தகரம் சிக்னலைத் தடுக்குமாம். இதைச் சீட்டுப் போட்டபின் சொன்னார்கள். ஒயர் இழுத்து நெட் கொடுக்கிறவர்களைக் கேட்டால், தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் அவ்வளவு தூரம் ஒயர் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, வீட்டுக்குள்தானே இல்லை என்று வாசலுக்கு வந்தேன். வாசல் தென்னை மரத்தடியில் முன்பெல்லாம் நன்றாகக் கிடைத்தது. பிறகு அங்கேயும் கெட்டது. கெட்ட விதம்தான் விசித்திரம். மேலே கோடு நாலும் நிறைந்திருக்கும். கூப்பிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். விருந்துக்கு வா என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் மாதிரி.

யார் யாரோ சொன்ன வைத்தியமெல்லாம் செய்தேன். ஏரோப்ளேன் படம் போட்ட பட்டனை அமுக்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினால் போன் புது டவரைத் தேடிப் பிடிக்கும் என்றார்கள். அது சில நாள் கேட்டது. வீடியோவுக்கு நெட்டைக் குறைத்துச் செலவு செய்கிற மாதிரி ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டபின் தங்கச்சியின் முகம் கட்டம் கட்டமாக, மொசைக் தரை மாதிரி தெரிந்தது. பின்னாலே தானாக ஓடுகிற மற்றதையெல்லாம் நிறுத்தினேன். சிம்மை வேறு கம்பெனிக்கு மாற்றினோம். புதுக் கம்பெனிக்குப் போன் செய்து குறை சொல்லச் சொன்னான் மகன். ஒரு பெண் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னாள். "சேரிங்" என்றேன். அவள் மேலே பேசிக்கொண்டே போனாள். "கொஞ்சம் மெல்லச் சொல்லுங் அம்மணி" என்றேன்.

மகன் பக்கத்திலிருந்து சிரித்தான். "ஏனுங்கம்மா, மிசினுக்கெல்லாம் மருவாதி குடுக்கறீங்க."

"குடுத்தாத் திருப்பிக் குடுக்கும்னு நெனச்சேன்."

எதுவும் திருப்பிக் கொடுக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தபடி தோட்டமெல்லாம் நடந்து, கடைசியில் அந்தக் கோழிப்பண்ணைச் சுவரோரம் தங்கச்சியின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே மட்டும் ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறவளுக்குக் கடவுள் கொடுத்த கூலி என்று நினைத்துக்கொண்டேன். போனின் மூலையில் என் முகமும் சின்னதாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பு. உதட்டில் ஈ உட்கார, கோழிப்பீ நாற்றத்தில் சோற்றை மென்றுகொண்டு சிரிக்கிற ஒரு கிழவி.

இப்படி இருக்கையில் கரூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் நான் கல்யாணங்களுக்கு அதிகம் போவதில்லை, போனாலும் தாலி கட்டி முடிந்தபின் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அன்றைக்கும் கஞ்சி போட்ட வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு தாமதமாகத்தான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் நெட் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடி மூடிய ஏசி பஸ் ஆகாது. ஜன்னலோரம் உட்கார வேண்டும், போனை மடியில் வைக்காமல் ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஊர் வருகிற நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டும். ஊர் தாண்டிக் காடு வந்துவிட்டால் ஒன்றும் நடக்காது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன் சீட்டு ஆள் ஹான்ஸ் புகையிலையைக் குதப்பி வெளியே காறித் துப்பினார். காற்று அதில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து என் ஜன்னல் கம்பியில் போட்டது. பக்கத்தில் ஒருத்தி போனில் ஏதோ நகைச்சுவையைப் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி வைத்திருந்தாள், அதில் ஆட்கள் சிரித்த சிரிப்பையே திரும்பத் திரும்பச் சிரித்தார்கள். இந்தச் சனங்களுக்கெல்லாம் நெட் கிடைக்கிறது. என்ன பாவம் செய்தேன் என்று இருந்தது.

தென்னிலை வருகிற சமயம் மருமகளே கூப்பிட்டாள். போனைத் தூக்கிப் பிடித்தேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள், என் சீலையைப் பார்த்தாள், பின்னால் ஓடுகிற பனைமரங்களைப் பார்த்தாள். புருவம் தூக்கினாள்.

"ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டிருக்கறேன். இன்னிக்கு அவகூட சோறுண்டுக்க. நாளைக்குச் சேந்து உங்கலாம். சேரியா, வாரேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர்கள் போறேன் என்று சொல்லக்கூடாது. போறேன் என்பது ஒரேயடியாகப் போகிறவர்களுக்கான சொல். அதனால் வாசலில் நின்றாலும், போனை வைத்தாலும் வாரேன்தான். அதை யாரும் வருவதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஊர் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் என் படம் பஸ் ஜன்னலோடு அப்படியே உறைந்து நின்றுவிட்டதாம். பேச்சும் நடுவில் விழுங்கிப் போய், "வாரேன்" மட்டும் தெளிவாகக் கேட்டதாம். கஞ்சி போட்ட சீலை, ஓடுகிற பஸ், வாரேன். தங்கச்சிக்கு வேறென்ன தோன்றும்?

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் நிலவறையில். அங்கே போன் இருப்பதும் ஒன்றுதான், செங்கல் இருப்பதும் ஒன்றுதான். சாயந்திரம் திரும்பி வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினபோது போன் குலுங்கிக் குலுங்கி அடங்கவே இல்லை. எல்லாம் மருமகள் கூப்பிட்ட கூப்பாடு. நல்லாக் கேட்கிற இடம் தேடி நகர்ந்து நகர்ந்து போனால், அது ஆண்கள் மூத்திரம் பெய்கிற சுவரோரமாக இருந்தது. நெட் கிடைக்கிற இடமெல்லாம் எனக்கு இப்படித்தான் அமைகிறது.

"ஏனுங் பெரியத்தை, வாரேன்னு சொன்னீங்களாமா?"

"ஆரு, நானா?"

"சோத்தத் தொடலீங். எங்கக்கா பஸ்ஸுல வாரா, வந்ததுந்தான் உங்குவேன்னு கையக் காட்டிக் காட்டி, வீல்சேரத் தள்ளிட்டுப் போயி வாசக்கேட்டுப் பக்கமே உக்காந்துட்டாங்க. அங்கியே தல தொங்கிப்போச்சுங். சக்கரத் தண்ணியப் பொகட்டிக் கண்ண முழிக்க வெச்சேன். இனிமே வாரதுன்னா வாங்க, வாரதில்லீன்னா அந்தச் சொல்லச் சொல்லாதீங்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் காலையில் காங்கேயம், பல்லடம் வழியாகக் கோயமுத்தூர் போனேன். சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் மாறி உக்கடம் போகிறவரை, நான் வருகிறேன் என்று அவளுக்குக் காட்ட ஊருக்கு ஊர் போனைத் தூக்கிப் பிடித்தேன். ஒருமுறைகூட அவள் போனைப் பார்க்கவில்லை என்றாள் மருமகள். நேரில் போய் நின்றதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உக்கடம் குளத்து நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் என் தட்டை இழுத்தாள். தன் தட்டை இல்லை, என் தட்டை.

அந்த வீட்டில் நெட்டுக்குக் குறைவே இல்லை. கூரையில் வட்டமாக ஒரு வெள்ளைப் பெட்டி கண் சிமிட்டும். மகன் ஒரு மூலையில் போன், மருமகள் ஒரு மூலையில் கம்ப்யூட்டர், இரண்டு பேரும் உலகத்தில் எங்கோ இருக்கிறவர்களிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்கள். நடுக்கூடத்தில் நாற்காலியில் அவள். இவ்வளவு நெட் இருந்து இவளுக்கு என்ன பிரயோசனம் என்று எனக்கு வெறுப்பாக வந்தது. ஆனால் அவர்களை நான் குறை சொல்லவில்லை. குளிப்பாட்டுவதும் துடைப்பதும் அவர்கள்தான், நான் வெறும் முகம் காட்டுகிறவள்.

சில நாள் தங்கிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் எனக்கு வந்தது பார், ஒரு தர்மசங்கடம். போறேன் என்று சொல்லக்கூடாது. வாரேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்னொரு தடவை கேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால்? ஒன்றும் சொல்லாமல் அவள் கையைத் தொட்டுவிட்டுப் படி இறங்கிவிட்டேன்.

அது அதைவிடப் பெரிய தப்பாயிற்று. சொல்லாமல் போனாள் என்று கோபித்துக்கொண்டாள். ஊர் வந்து மறுநாள் மத்தியானம் கோழிப்பண்ணைச் சுவரோரம் தட்டோடு உட்கார்ந்து கூப்பிட்டால், கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசப் பேசப் படம் உறைகிறது, வருகிறது, உறைகிறது. உறைந்த முகத்திலும் மூடின கண்தான்.

"பாருங் பெரியத்தை, நீங்க வந்து போனதுக்கு வராமயே இருந்திருக்கலாமுங்" என்றாள் மருமகள். நாலு வாய் மோர்ச்சோறு மட்டும் உள்ளே போனது என்றாள். மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுப்பதாகச் சொன்னாள். அதையாவது டாக்டரைக் கேட்டுச் செய் கண்ணு என்றேன். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டதோ என்னவோ.

அன்று பொழுது சாய மகன் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். "நிலையா நெட்டு வந்தாத்தான் அவளச் சமாதானம் பண்ண முடியும் சாமி. அந்தச் செவுத்தோரமும் ஒரு நாளைக்குக் கேக்குது, ஒரு நாளைக்குக் கேக்கறதில்ல."

அவன் வெகுநேரம் செருப்பைக் கழற்றினான். பிறகு சொன்னான். "அதொன்னுமில்லீங்கம்மா. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ஊட்டு மாடியில கம்பம் ஒண்ணு நட்டிருக்கறாங்க பாருங்க. பூஸ்டர் பொட்டி. ஆன்லைன்ல வாங்கிப் போட்டிருக்கறாங்க. அவங்கூட்டுக்குள்ள நல்லா எடுக்கும், அது டவரையே கொழப்பி விட்டுருமாம், சுத்தியிருக்கறவங்களுக்கு எடுக்காது. கம்பெனியில கேட்டேன், அப்படித்தான் இருக்கும்னாங்க. சட்டப்படி வெக்கவே கூடாதாமா."

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

"ஆச்சுங், கொஞ்ச நாளா."

"சொல்றதுக்கென்ன அவங்ககிட்ட?"

"பங்காளிங்கம்மா. கோயில் நோம்பியில ஒண்ணா நிக்கோணும். ஒரு போனுக்காகப் போயிச் சடவு பண்ணிக்கறதா?"

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. கோழி நாற்றம் அவர்களுடையது. அந்த நாற்றத்தில் போய் நான் பிடித்துக்கொண்டிருந்த நெட்டும் அவர்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து சுவர் தாண்டிச் சிந்தினது. தென்னை மரத்தடியில் எனக்கு இருந்ததை எடுத்துக்கொண்டு, உண்டு மிச்சம் வைத்ததைப் பண்ணைச் சுவரோரம் போட்டிருக்கிறார்கள். நான் அதைக் கடவுள் கொடுத்தது என்று உண்டிருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் வீட்டுக்காரருக்குப் பங்காளி வழியில் தம்பி. எனக்குக் கொழுந்தனார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்று அழைப்பார்கள், அவர் என்னை அப்படித்தான் அழைப்பார். நானோ நாலு பேர் இருக்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவும் கூசுகிறவள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றபின் சபையில் நான் வாய் திறந்ததாக யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெட்டியை நிறுத்துங்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் தூக்குப் போசியில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டுச் சுவரோரம் போய் உண்பதாக எண்ணம். அவர் பெண்டாட்டி கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா. ஏனுங் இந்த வெயில்ல? அதென்னுங் கையில?"

"சோறுங் அம்மணி."

"சோறா? எதுக்குங்?"

கேட்க வந்த பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. வாயில் வந்தது வேறு. "எங்கூட்டுல நெட்டு எடுக்கறதில்லீங். உங்கூட்டுக்குள்ள நல்லா எடுக்குதாமா. தங்கச்சி மொகத்தப் பாத்துட்டு இங்கியே ரெண்டு வாய் உண்டுக்கறனுங்."

உள்ளே போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்து போசியைத் திறந்தேன். போனில் கோடு நிறைந்திருந்தது, தங்கச்சி உடனே வந்தாள். கண் மூடித்தான் இருந்தது. ஆனால் படம் உறையவில்லை. நான் பாட்டுக்குப் பிசைந்து உண்ண ஆரம்பித்தேன்.

அந்த வீட்டுக்காரியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரம்பரை, அதாவது விருந்தாளி என்று படி ஏறினவர்களுக்கு அந்த வீட்டு இலைதான். வந்தவள் சொந்தப் போசியைத் திறந்து நடுக்கூடத்தில் உண்டால், இந்த வீட்டில் ஒருவாய் சோறு போட ஆளில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி.

"அக்கா, அக்கா, அத மூடுங். எங்கூட்டுல சோறில்லீங்களா? கறி ஆக்கியிருக்கறனுங், எல போடறேன்."

"உங்களுக்கெதுக்குங் செரமம். நாந்தான் தெனமும் வரோணுமே."

"தெனமுங்களா?"

"அவ தெனமும் உங்கறாளுங்களே அம்மணி."

"ஊரு என்னுங் சொல்லும்?"

"ஊருக்கு ஆருங் சொல்லுவா? நெட்டிருந்தாத்தானுங்களே சொல்றதுக்கு."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம். திட்டம் போட்டுச் சொன்னதில்லை. அவள் பதறுவதைப் பார்த்தபின்தான், கேட்கக் கூசுகிறவளுக்கு இது ஒரு வழி என்று புரிந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கொழுந்தனார் மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறி எலும்பை உறிஞ்சிக்கொண்டே டிவி பார்ப்பார். உறிஞ்சின எலும்பை மேசையிலேயே குவிப்பார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போனைப் பார்த்து உண்பேன்.

"நங்கை, வெளிய போர்டிகோவுல காத்தோட்டமா உக்காந்துக்கலாமுங்களே" என்றார் ஒருநாள்.

"அங்க கோழி நாத்தமுங் கொழுந்தனாரே."

அவர் எலும்பை வைத்துவிட்டார். அந்த நேரம் போனிலிருந்து "க்க்" என்று ஒரு சத்தம். தங்கச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வீடு, யார் சோபா, அந்த ஆள் யார் என்று புருவம் மேலும் கீழும் போனது. அவளுக்குக் கோபத்தைவிட ஆவல் பெரிது, அது எனக்குத் தெரியும். "ஊட்டு கண்ணு, இப்ப ஊட்டு" என்றேன் மருமகளிடம். வாயைத் திறந்தாள்.

அடுத்த நாள் வேலியோரம் கொழுந்தனாரே வந்து நின்றார். செருமினார். "நங்கை, நாளைக்குப் பொண்ணு பாக்க மாப்ள ஊட்டுக்காரங்க வாராங்க. மத்தியானமுங்."

"நல்லதுங்."

"அதான்... ஊட்டுல கூட்டமா இருக்கும். நீங்க வந்து உக்காந்து உண்ணறதுக்கு..." அவர் கண் என் வெள்ளைச் சீலை மேல் போய்விட்டுத் திரும்பியது. "எதுக்குங் உங்களுக்கும் செரமம். அந்தப் பொட்டிய ஆப் பண்ணிப்போடறனுங். உங்கூட்டு வாசல்லயே எடுக்கும்."

ஆக, என் தங்கச்சி பட்டினி கிடப்பது அவருக்கு உறைக்கவில்லை. சட்டம் உறைக்கவில்லை. நல்ல காரியம் நடக்கிற கூடத்தில் வெள்ளைச் சீலைக்காரி போசியோடு உட்கார்ந்திருப்பாளே, அது உறைத்திருக்கிறது. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. எனக்குத் துப்பத் தெரியாது.

"சேரிங்" என்றேன். "அதுக்கப்பறம் திருப்பிப் போட்டீங்கன்னா, நான் மறுக்கா வரோணுமுங்."

"இல்லீங் நங்கை. கம்பத்தையே கழட்டிப்போடறேன்."

பெட்டியை நிறுத்துவதற்கு எவ்வளவு வேலையிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் உள்ளே போனார். ஒரு பட்டனை ஒரு விரலால் அமுக்கியிருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு விரலுக்காகத்தான் ஒருத்தி கேட்டோரம் தலை தொங்கிக் கிடந்தாள்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வாசல் தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூப்பிட்டேன். கோடு இரண்டுதான் இருந்தது. ஆனால் முதல் மணியிலேயே தங்கச்சி வந்தாள், படம் ஆடவில்லை, அசையவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிற சத்தமும் பட்டுச் சீலைகளின் பேச்சும் கேட்டன. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கழுத்தை நீட்டினாள். போனைத் திருப்பி அந்தக் கூட்டத்தைக் காட்டச் சொல்லி இடது கையால் சுழற்றிக் காட்டினாள்.

"மொதல்ல உண்ணு. அப்பறங் காட்டறேன்" என்றேன்.

முறைத்தாள். முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள். வாயோரம் சாறு வழிந்தது. மருமகள் துடைத்ததை இன்றைக்கு அவள் கவனிக்கவில்லை. அவள் கண்ணெல்லாம், என் தோளுக்குப் பின்னால் எந்தச் சீலை எந்தக் காரிலிருந்து இறங்குகிறது என்பதில் இருந்தது.